மடிப்பேச்சில் ஒரு சம்மதம்

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலை. அங்கே கொட்டை உடைக்கும் பெண்கள் தங்களுக்கென்று ஒரு பாஷை கட்டினார்கள். மடிப்பேச்சு என்று பெயர். தாங்கள் படுகிறதைச் சொல்ல ஊர்த் தமிழில் வார்த்தை போதவில்லையாம். படுத்த பிறகும் பாத்திரத்தையே நினைக்கிற உடம்புக்கு ஒரு வார்த்தை, சிரித்துக்கொண்டே விழுங்கும் கோபத்துக்கு ஒரு வார்த்தை. சத்தியம் ஒன்றே ஒன்று: அர்த்தத்தை எந்த ஆணுக்கும் சொல்லக் கூடாது.

மாசிலாமணிக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எரியும். மனைவி தைலம்மை, தங்கை வேதவல்லி, மகள் தமிழ்க்கொடி மூவருக்கும் அந்த ஆலையில்தான் வேலை. சொந்த வீட்டில் சாப்பிடும்போதே அவர் அயலூர்க்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. தட்டு மாற்றும் முன் மாப்பிள்ளையின் தாய்மாமன், சம்மதந்தானே என்று பெண்ணைக் கேட்டார். அவள் தலைகுனிந்து, "உம்மி" என்றாள்.

"ஒரு உம்மு வாங்க இந்தப் பாடா" என்றார் மாமன். எல்லோரும் சிரித்தார்கள், மாசிலாமணியும்தான். தைலம்மை வெற்றிலை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

வேதவல்லி அண்ணனைக் கிணற்றடிக்கு அழைத்தாள். "மனசு ஒத்துச் சொன்னா உம்மணி. எதுத்துப் பேசத் தெம்பில்லாம சொல்றது உம்மி. வெறும் உமிண்ணே, உள்ள மணி இல்ல."

அவருக்குப் பழையது ஞாபகம் வந்தது. நிலத்தை விற்றபோதும், தைலம்மையின் தாயை ஊருக்குத் திருப்பி அனுப்பியபோதும் அவள் முதலில் வேண்டாம் என்றாள். அவர் மறுபடி மறுபடி கேட்டார். கடைசியில் உம்மி என்றாள். செல்லமாகச் சொல்கிறாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

உள்ளே போய், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். வந்தவர்கள் ஏசிவிட்டுப் போனார்கள்.

"சத்தியத்தை மிதிச்சுட்டே. இனி ஆலையில எம்பக்கத்துல உக்காராத" என்றாள் தைலம்மை வேதவல்லியிடம்.

"பெத்தவ வாயத் தொறந்திருந்தா நான் ஏன் மிதிக்கிறேன், அண்ணி?"

"நானும் உம்மி சொல்லித்தான் குடும்பம் நடத்தினேன். அவளும் நடத்தியிருப்பா."

சத்தியத்தைக் காத்தவள் ஒருத்தி, மகளைக் காத்தவள் ஒருத்தி, தட்டைத் திருப்பியவர் ஒருவர். இந்த மூவரில் தப்பு யார் மேல்?

விடை: சத்தியம் அர்த்தத்துக்கு மட்டுந்தான். சம்பந்தம் வேண்டாம் என்று ஊர்த் தமிழில் சொல்ல எந்தத் தடையும் இல்லை. அப்படியானால் தப்பு தைலம்மை மேல் என்பீர்கள். அவள் வேண்டாம் என்று சொல்லி அந்த வீட்டில் எது நின்றது? தப்பு மாசிலாமணி மேல்தான்; சொல்லக் கசக்கிறது. அன்று அவர் செய்தது சரி. ஆனால் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவருக்கு முன்பே விளங்கியிருந்தால், தமிழ்க்கொடி நேராகவே வேண்டாம் என்றிருப்பாள்; வேதவல்லிக்குக் கிணற்றடியில் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.