போர்வையோட முதுகு

வாங்காம, போர்த்திக்காம, போர்வையைச் சும்மா பாக்குறதுக்குன்னே போவாங்களான்னா கேக்குற? போவாங்க பாப்பா. டிக்கெட் எடுத்துட்டுப் போவாங்க. படு, சொல்றேன்.

ஒரு ஊர்ல ஒரு அஞ்சுகம் இருந்தா. துண்டுத்துணியா சேத்துப் போர்வை தைக்கிறது அவளுக்குப் பொழுதுபோக்கு. மகளுக்குப் பிரசவ நேரம், பொறக்கப்போற பேரப்பிள்ளைக்கு ஒண்ணு தச்சா. எல்லாம் சரியா வந்துச்சு. சுத்தி ஓரத்துல வச்சுத் தைக்கிற ஓரப்பட்டி மட்டும் மூலையில திரும்பும்போது சுருங்கி, முட்டைக்கோஸ் மாதிரி எழும்பி நின்னுக்கிச்சு. நாலு தடவை பிரிச்சுத் தச்சாச்சு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பிரிக்கலாம், அதுக்கு மேல பிரிச்சா துணி கிழிஞ்சிரும். ம் சொல்லு.

"ம்."

அப்போ டவுன்ல போர்வைக் கண்காட்சி. விடிஞ்சதும் பஸ் ஏறிட்டா. அங்க முதல் பரிசுப் போர்வை தொங்குது. மூலை கத்தி மாதிரி இருக்கு! எப்படி மடிச்சாங்கன்னு பின்பக்கம் பாத்தாத்தான் தெரியும். ஆனா பக்கத்துல ஏகாம்பரம்னு ஒரு காவல்காரர், வெள்ளைக் கையுறையோட.

"தொடக்கூடாதும்மா."

"நான் தொடல. நீங்க புரட்டிக் காட்டுங்க."

"நடுவருக்கு மட்டும்தான் புரட்டுவோம்."

அப்புறம் என்ன பண்ணா? போர்வை பறக்கட்டும்னு "ஹச்ச்ச்!"னு ஒரு தும்மல் போட்டா. போர்வை அசையல. ஏகாம்பரம் கைக்குட்டையை நீட்டி, ரெண்டடி தள்ளி நிக்கச் சொன்னாரு.

அப்புறம் மண்டபத்து ஓரமா இருந்த ஃபேனைப் போர்வைப் பக்கம் திருப்பிவிட்டா. டர்ர்ர்! போர்வை சுவரோட இன்னும் அழுத்தமா ஒட்டிக்கிச்சு.

"என்ன சொல்லு?"

"ம்... அப்புறம்?"

அப்புறம், கீழயிருந்து எட்டிப் பாக்கலாம்னு, மயக்கம் வந்த மாதிரி தொப்புனு விழுந்தா. பொய்யா விழுந்த பயத்துல உடம்பு வெடவெடன்னு நடுங்குது. கூட்டம் கூடிருச்சு.

"குளிர்ல நடுங்குறாங்க, எதையாவது போத்துங்கய்யா!"

ஏகாம்பரம் சுத்திமுத்திப் பாத்தாரு. மண்டபம் முழுக்கப் போர்வை. ஒண்ணையும் தொடக்கூடாது. பாவம், மனுஷனுக்கு வேத்துக் கொட்டுது. கடைசில, சர்ர்ருனு முதல் பரிசையே உருவி அஞ்சுகத்தைத் தலையோட மூடிட்டாரு. கையுறையைக் கழட்டல.

உள்ள அஞ்சுகம் கண்ணை முழிச்சா. மூக்குக்கு நேரா மூலை! தையல் கடைசி வரைக்கும் போகவே இல்ல. அரை விரல் முன்னாடியே நின்னு, பட்டியை மடிச்சு, அந்தப் பக்கம் புதுசா தொடங்குது. "அட, இவ்வளவுதானா!" நாலு தடவையும் இவ கடைசி நுனி வரைக்கும் தச்சுட்டா பாரு, அதான் சுருங்குச்சு.

வெளிய ஏகாம்பரம் குனிஞ்சாரு. "அம்மா, மூச்சு இருக்கா?"

"இருக்குப்பா. கொஞ்சம் பொறு. இன்னும் மூணு மூலை பாக்கி!"

"என்னங்க! தண்ணி லாரி வந்துருச்சு, குடத்தைத் தூக்குங்க!"

உங்கம்மா கூப்பிடுறா. கதையை மடிச்சு வச்சாச்சு, நீயும் கண்ணை மூடிக்க. இதோ வந்துட்டேன்டி...