இலையோரத்தில் ஒரு பிடி

இந்தக் கதையில் போரைக் கவனிக்க வேண்டாம், சாப்பாட்டைக் கவனியுங்கள்.

தளவாய் கூத்தப்பர் ஆறு கோட்டைகளைப் பிடித்தவர். பிடித்த கோட்டையில் முதலில் அடுப்பு மூட்டச் சொல்வார். தோற்றவர்கள் சாப்பிட்ட பிறகுதான் கொடி ஏறும். அவர் சாப்பிடும் விதம் விசித்திரமானது. இடக்கையை வளைத்து இலையை மறைத்துக்கொள்வார். கடைசி ஒரு பிடிச் சோற்றை இலையோரம் ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவார். பாசறையில் ஓராண்டு அவரோடு பந்தியில் உட்கார்ந்த அமைச்சர் இதைப் பார்த்திருக்கிறார், காரணம் கேட்டதில்லை.

ஏழாவது கோட்டையும் விழுந்தபோது அரசர் அறிவித்தார்: தளவாயை வளர்த்து ஆளாக்கியவர், நகர்வலத்தில் யானைமேல் அவர் பக்கத்தில் அமரலாம். இருக்கை ஒன்றுதான். தளவாய் ஆற்றுக்கு அக்கரையில் நல்ல நாளுக்காகத் தங்கியிருந்தார். யாரென்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். "பெற்றவரைக் குறை சொல்ல என்னை வைக்காதீர்கள்" என்பதுதான் பதில்.

இருக்கைக்கு உரிமை கேட்டுச் சபைக்கு முதலில் வந்தவர் தகப்பன் உடையப்பர், பழைய குதிரைப்படைக்காரர். மீசைக்கு மை, உடம்பெல்லாம் புனுகு. அவர் பின்னாலேயே இரண்டாம் மனைவி குழைக்காதாள், தனக்கென்று தனி வழக்கோடு.

தீர்ப்புச் சொல்ல வேண்டிய அமைச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். "சின்ன வயதில் அவர் எப்படிச் சாப்பிடுவார்?"

"என் மடியில் உட்கார்ந்துதான். வெள்ளித் தட்டில்" என்றார் உடையப்பர்.

"இவர் வருஷத்தில் பத்து நாள் வீட்டில் இருந்ததில்லை. இவர் மடியாம்! தாயில்லாப் பிள்ளைக்கு நான்தான் உருட்டி உருட்டி ஊட்டினேன்."

"நீயா? நாய்க்குப் போட்டதில் மிச்சத்தைத்தானே அவனுக்குப் போட்டாய்!"

"அதைப் பார்த்துக்கொண்டே மீன் கேட்டுச் சாப்பிட்டது யாராம்?"

சபை சிரித்தது. அந்த இருவரும்கூடச் சிரித்தார்கள்.

அப்போது உப்புக் கூடையோடு ஒருத்தி உள்ளே வந்தாள்.

"யார் இவள்?" என்றார் உடையப்பர்.

"உங்க மகதான் அப்பா. பூவாத்தாள்."

அவளிடமும் அதே கேள்வி.

"இடக்கையால இலையை மறைச்சுக்கிட்டுச் சாப்பிடுவான், ஐயா."

அமைச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரிடமிருந்து மறைப்பார்?"

"என்கிட்டயிருந்துதான். எனக்கு ஒன்பது வயசு, அவனுக்கு அஞ்சு. கொல்லையில ரெண்டு பேருக்கும் ஒரே இலை. அவன் பங்கையும் நான் அள்ளுவேன். கையை நீட்டினா கடிப்பேன். மணிக்கட்டுல தழும்பு இருக்கும், பாருங்க. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியலை. அன்னிக்கு அவனே ஒரு பிடியை ஓரமா ஒதுக்கி, தூக்கிக்கிட்டு வந்து கொடுத்தான். அதுக்கப்புறம் தினமும் ஒதுக்கினான். நான் அப்பவும் திருடினேன்."

"இருக்கைக்காகவா வந்தாய்?"

"இதை அவன்கிட்ட ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லணும். யானைப் பக்கத்துல போனாத்தானே அவன் காதுல விழும்?"

நீங்கள் அமைச்சராக இருந்தால் யாரை ஏற்றுவீர்கள்? பெற்ற தகப்பனையா, சோறு போட்டதாகச் சொல்லும் சிற்றன்னையையா, தம்பியின் சோற்றைத் திருடிய அக்காளையா?

விடை: அமைச்சர் அக்காளை ஏற்றினார். அவள் வளர்த்தாள் என்பதற்காக அல்ல. அந்த வீட்டில் யாரும் வளர்க்கவில்லை. மற்ற இருவரும் வயிறு நிறைந்திருந்தபோதே அவனைப் பட்டினி போட்டார்கள். இவள் பசியில் திருடினாள். தன்னைக் கடித்தவளுக்கே ஒரு பிடி ஒதுக்கிப் பழகிய பிள்ளைதான், பின்னாளில் எதிரியின் கோட்டையில் அடுப்பு மூட்டச் சொன்னான். நகர்வலம் முடிந்து நடந்த விருந்தில் உடையப்பரும் குழைக்காதாளும் மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கினார்கள். தளவாய் கடைசிப் பிடியை அக்காளின் இலையில் வைத்தார். அப்போதும் அவருடைய இடக்கை தன் இலையைச் சுற்றியே கிடந்தது.