மதகடியில் கேட்ட மூன்று கேள்விகள்

மூன்றாம் நாளும் மதகுப் பலகையை அழுத்தி இறக்கிவிட்டுக் கல்மேல் ஏறி உட்கார்ந்தான் கொற்றன். எந்த அரசன் காலம் என்று கேட்காதீர்கள். அவனைப் போன்ற ஏரிக்காவலன் வைத்ததே சட்டமாக இருந்த காலம்.

கீழூர்த் திருவிழாவில் அவனுக்கு முதல் மரியாதை தரவில்லை. அந்தக் கோபம். ஊரே வந்து காலில் விழும்வரை தண்ணீர் கிடையாது என்றான். நெல் பால் பிடிக்கும் சமயம். இன்னொரு நாள் காய்ந்தால் எல்லாம் பதர்.

முதல் நாள் ஊர்த்தலைவர் தடியோடு வந்தார். சிரித்தான். இரண்டாம் நாள் வணிகர் தேன்குடத்தோடு வந்தார். தேனை வாங்கிக்கொண்டு, மறுபடியும் சிரித்தான்.

மூன்றாம் நாள் உத்தரை வந்தாள். ஏரிக்கரை மடத்தில் தங்கியிருந்த பௌத்தத் துறவி.

"வாங்க மொட்டையம்மா! சாபமா, புத்திமதியா?"

"இரண்டும் இல்லை. துறவிகள் மழைக்காலத்தில் ஒரே இடத்தில் தங்குவோம்; அந்தத் தங்கல் இன்றோடு முடிகிறது. இந்த நாளில் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்: என்னிடம் நீ பார்த்த குற்றம் என்ன, கேட்ட குற்றம் என்ன, சந்தேகப்பட்ட குற்றம் என்ன என்று. மற்றவர்கள் இந்த ஆண்டு வேறு ஊரில் தங்கிவிட்டார்கள். இல்லறத்தாரிடம் கேட்பது வழக்கமில்லை. ஆனால் உனக்குத்தான் என்னைப் பிடிக்காதே, ஒளிக்காமல் சொல்வாய்."

அவள் தரையில் குந்திக் கைகூப்பினாள். கொற்றனுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"பார்த்தது சொல்றேன். பிச்சைக்குப் போனா பெரிய வீட்டுத் தெருவுக்குத்தான் முதல்ல போறே."

"ஆமாம். மாற்றிக்கொள்கிறேன்."

"கேட்டது. தயிர்க்காரிகிட்டே வெடுக்குனு பேசி அழவெச்சியாமே?"

"ஆமாம். இன்றே போய் மன்னிப்புக் கேட்கிறேன்."

"சந்தேகம். ஊரைக் காப்பாத்தினவள்னு பேர் வாங்கத்தானே இங்க வந்திருக்கே?"

இதற்கு அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாதி வழியில் அந்த ஆசை வந்தது உண்மைதான். நல்லவேளை, சொன்னாய்."

கொற்றன் அவள் முகத்தையே பார்த்தான். அழுவாள் என்று நினைத்திருந்தான். அவளோ தலைச்சுமையை இறக்கி வைத்தவள்போல் இருந்தாள். திட்டு வாங்கியவளுக்கு எங்கிருந்து வருகிறது இந்தச் சந்தோஷம்? மூன்று நாள் ஊரையே ஆட்டிவைத்தும் தனக்கு அது வரவில்லையே?

அவள் எழுந்து நடந்தாள்.

"நில்லு. என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"கேட்காதவரிடம் சொல்வதில்லை."

கொற்றன் கல்லிலிருந்து இறங்கினான். "சரி, கேக்குறேன். பார்த்தது?"

"நீ செய்வது கொடுமை. கீழே பயிர் சாகிறது."

"கேட்டது?"

"உன் பெயரைச் சொன்னால் கீழூரில் குழந்தைகள் அழுகையை அடக்கிக்கொள்கின்றன. பயத்தில்."

"சந்தேகம்?"

"நேற்றே திறந்திருப்பாய். தோற்றதாகிவிடுமே என்று உட்கார்ந்திருக்கிறாய்."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. தயிர்க்காரி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

தன் குற்றத்தை எதிரியின் வாயாலும் கேட்கத் துணிந்தவரே, அவன் செய்யும் தீமையை அவன் முகத்துக்கு நேரே சொல்லத் தகுந்தவர். அவருக்கே மகிழ்ச்சியும் வாய்க்கும்.

கொற்றன் பலகையைத் தூக்கினான். தண்ணீர் சீறிக்கொண்டு கீழே ஓடியது. பலகையின் அடியில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மெல்லப் பெயர்த்தெடுத்து, ஈரமான இடமாகப் பார்த்து வைத்தான்.