கெட்டுப்போன மூன்று சென்சார்கள்

தூத்துக்குடியில் பர்வீன் ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவர். வயது இருபத்தொன்பது. அவரிடம் தொழில் கற்ற தங்கச்சாமிக்கு ஐம்பத்தாறு. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். முதல் நாள் கிண்டலாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு நாள் காலை, ஜெசிந்தா என்பவர் வீட்டுக்குச் சீடர் தனியாகப் போனார். ஜெசிந்தா வீட்டிலேயே குல்பி செய்து விற்பவர். அன்று மாலை ஒரு ஞானஸ்நான விருந்துக்கு நூறு குல்பி தரவேண்டும். ஃபிரீசரோ மைனஸ் பதினெட்டு என்று காட்டிக்கொண்டு சும்மா நின்றது. உள்ளே குல்பி இளக ஆரம்பித்திருந்தது. குளிர் போதும் என்று சென்சார் தவறாகச் சொல்ல, மோட்டார் ஓடவே இல்லை.

சீடர் சென்சாரைக் கழற்றி, வெப்பநிலை காட்டும் மீட்டரில் மாட்டினார். ஒரு டம்ளரில் தண்ணீரும் ஐஸும் போட்டு அதில் விட்டார். நல்ல சென்சார் என்றால் பூஜ்யம் காட்டவேண்டும். இது அங்கேயும் மைனஸ் பதினெட்டிலேயே நின்றது. கெட்டது. பையிலிருந்த புதியதை விட்டுப் பார்த்தார். ஒன்பது. கெட்டது. இன்னொரு புதியது. எட்டு. அதுவும் கெட்டது.

சென்சார் விற்ற கடைக்காரருக்கு ஃபோன் போட்டுத் திட்டினார். பிறகு குருவுக்குப் போட்டார்.

குரு வந்தார். டம்ளரை ஸ்பூனால் நன்றாகக் கலக்கி, முதல் புதிய சென்சாரை அதில் விட்டார். ஜெசிந்தாவிடம் ஒரு குல்பி கேட்டு வாங்கிச் சீடரின் கையில் கொடுத்தார்.

"கடிக்காம சாப்பிடுங்க அண்ணாச்சி. முடியிற வரைக்கும் மீட்டரைப் பார்க்கக் கூடாது."

"நூறும் உருகிட்டிருக்கு, குருவே."

"தொண்ணூத்தொம்பது."

ஜெசிந்தாவுக்குக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு குல்பி கூடுதலாகவே செய்திருப்பதாகச் சொன்னார்.

சீடர் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டார். வெறும் குச்சி மிஞ்சியதும் திரும்பினார். மீட்டரில் பூஜ்யம். அசையாமல் நின்றது.

"ஆள் ஏறுறதுக்குள்ள விசில் அடிச்சிட்டீங்க" என்றார் குரு.

சீடர் அந்தச் சென்சாரை ஃபிரீசரில் பொருத்தினார். மோட்டார் ஓடத் தொடங்கியது. மாலைக்குள் இறுகிவிடுமா என்று ஜெசிந்தா கேட்டார். அதுவரை கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருந்தால் இறுகும் என்றார் குரு.

சீடர் மீதியிருந்த புதிய சென்சாரைப் பழையதோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டார். குரு புதியதை மட்டும் எடுத்துத் துடைத்து, மீட்டரில் மாட்டினார். டம்ளரை மறுபடியும் கலக்கினார்.

"அதான் வேலை முடிஞ்சிருச்சே. இது எதுக்கு?" என்று கேட்டார் சீடர்.

"கெட்டதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் குரு. "அது இன்னும் ஒண்ணும் சொல்லலையே."