எதிர்வெளிச்சம்

மூடுமலையில் சுனை மடம் என்று ஒரு சின்ன மடம். அதன் குரு தில்லையம்மாவுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. சீடர் சடையப்பனோ அறுபதை எட்டப் போகிறவர். குரு சீடரை "அண்ணே" என்பார், சீடர் குருவை "அம்மா" என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் யாருக்கு யார் குரு என்று கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

மடத்து ஜீப்பை ஓட்டுவது சடையப்பன்தான். காலையில் மலைவீட்டுப் பிள்ளைகளை அடிவாரத்துப் பள்ளியில் இறக்கி, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவார். காலமெல்லாம் சமவெளியில் லாரி ஓட்டிய கை அது. மலைப்பாதை அந்தக் கைக்குப் பிடிபடவே இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பள்ளம் நிறைய வெள்ளை மூட்டமாக மஞ்சு. மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள்ளேயே மலை இருட்டிவிடும்.

ஜீப்பின் பழைய ஹாலஜன் பல்பு இரண்டும் மஞ்சளாக, கையெட்டும் தூரத்தை மட்டும் காட்டும். அதற்கு அப்பால் ஏதோ ஒன்று வளைவுக்கு வளைவு தன்னைப் பார்த்து வந்துகொண்டே இருப்பதாக அவருக்குத் தோன்றும். பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடும். முன்னால் இவர் சட்டை நனையும்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"அம்மா, இந்தப் பயத்தை எப்படிங்க விடறது?"

தில்லையம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எதைப் பார்த்துப் பயம்?"

"முன்னாடி என்ன இருக்குதுன்னு தெரியலீங்க. அதான்."

"தெரிஞ்சா போயிருமா?"

"போயிரும்ங்க."

"அப்படியா?" என்றார் அம்மா. அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

சடையப்பன் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே உதிரிப்பாகக் கடைக்குப் போனார். கடைக்காரர் மூச்சு விடுகிற இடத்திலும் பேசுகிறவர்.

"அண்ணா, வாங்கண்ணா, ஹாலஜனைத் தூக்கிக் குப்பையில போடுங்கண்ணா! எல்.இ.டி. போடுங்க, இருட்டு உங்களைப் பார்த்து ஓடும். எதிர்ல ஆனை வந்தா ஆனை கண்ணை மூடிக்கும்ணா. விடிஞ்சிருச்சுன்னு ராத்திரியில கோழி கூவிருச்சுன்னா கம்பெனி பொறுப்பில்லண்ணா!"

மாட்டிக் காட்டினார். பட்டப்பகலிலேயே எதிர்க்கடைச் சுவர் வெளுத்தது.

"கொஞ்சம் மேல அடிக்குதுங்களே?"

"அது ஒண்ணுமில்லண்ணா. உள்ள இருக்கிற கிண்ணம் பழைய பல்புக்குச் செஞ்சது, இதுக்குக் கொஞ்சம் செதறும். அது எதிர்ல வர்றவன் கவலை, உங்களுக்கு என்ன?"

சடையப்பனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கழற்றிய பழைய பல்புகளைத் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் போட்டார்.

அன்று சாயங்காலம் மலை அவருக்கு வேறு மலையாக இருந்தது. இலை தெரிந்தது, இலையில் ஓட்டை தெரிந்தது. சாலை ஓரத்துக் கல்லுக்கெல்லாம் நிழல் முளைத்தது. அந்த 'ஏதோ ஒன்று' எங்கே போனதென்றே தெரியவில்லை. சடையப்பன் மூணாவது கியர் போட்டார். மலையில் அவர் மூணாவது கியர் போடுவது அதுதான் முதல் தடவை. "டிரைவர் தாத்தா பிளேன் ஓட்டறாரு டோய்!" என்று பிள்ளைகள் கூவின. தாத்தாவும் கூடச் சேர்ந்து ஒரு பாட்டைப் பாடினார்.

மடத்தில் ஜீப்பை நிறுத்தியதும் அம்மாவிடம் ஓடினார்.

"பயம் போயிருச்சுங்கம்மா!"

"எங்க போச்சு?"

"அதை யாருங்க தேடறது! எல்லாம் கண்ணாடியாட்டம் தெரியுது. இத்தனை நாளா எதிர் வண்டி வந்தா நான்தான் ஒதுங்குவேன். இன்னைக்கு எல்லாரும் எனக்கு ஒதுங்கறாங்க. மரியாதைன்னா அப்படி ஒரு மரியாதை. வழுக்குப்பாறை வளைவுல ஒரு மொபெட்டுக்காரர், ஓரத்துக்கே போயி நின்னு எனக்கு சலாமே வெச்சார்னா பாருங்களேன்!"

"சலாமா?"

"ஆமாங்க. இப்படி." சடையப்பன் கையைத் தூக்கி நெற்றிக்கு மேல் வைத்துக் காட்டினார்.

"யாரு அது?"

"கை மொகத்தை மறைச்சிருச்சுங்க."

"டிம் பண்ணினீங்களா?"

"பண்ணாம இருப்பனுங்களா? டிம்மே அப்படித்தான் அடிக்குது."

அம்மா அவர் இன்னும் இறக்காமல் வைத்திருந்த கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சாப்பிடுங்க அண்ணே, ஆறுது" என்றார்.

சடையப்பன் அன்று குறட்டை விட்டுத் தூங்கினார்.

விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே மாடு கத்தியது.

"ம்மாஆஆ."

சரிவுக்குக் கீழே மாரப்பனின் தொழுவம். மாரப்பன் ஒண்டிக்கட்டை, கூட இருப்பது மாடுகள்தான். சாயங்காலம் கறந்து, மொபெட்டில் கேனைக் கட்டி அடிவாரத்துப் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோவார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவார். விடியற்காலை இருட்டோடு மறுபடி கறந்து, முதல் செம்பை மடத்துக்குக் கொடுப்பார். "பாலேய்!" என்று அவர் போடுகிற சத்தத்தில்தான் மடம் எழுந்திருக்கும்.

இன்றைக்குப் பாலேய் இல்லை.

"ம்மாஆஆ." இரண்டாவது மாடும் சேர்ந்துகொண்டது. பிறகு கன்றுகள். கறக்காமல் மடி கட்டிய மாடுகளின் கத்தல். சடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். வாசலில் அம்மா லாந்தரோடு நின்றிருந்தார்.

"மாரப்பன் வீட்ல ஆளில்லை. நேத்துப் போனவர் வரலை போல."

சடையப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, அந்த மொபெட்டுல கேன் இருந்துச்சா?"

சடையப்பன் நினைத்துப் பார்த்தார். கண்ணாடியாட்டம் எல்லாம் தெரிந்த பாதை அது. இலையின் ஓட்டை ஞாபகம் இருக்கிறது. கல்லின் நிழல் ஞாபகம் இருக்கிறது. மொபெட்டில் கேன் இருந்ததா? தூக்கிய கை ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. அந்த ஆள் பாறைப் பக்கம் நின்றாரா, பள்ளத்துப் பக்கம் நின்றாரா?

"தெரியலீங்கம்மா."

"அவர் உங்களைக் கடந்து போனாரா?"

"நான்தானுங்க அவரைக் கடந்து வந்தேன். அப்புறம்... திரும்பிப் பார்க்கலைங்க."

அம்மா கையை நீட்டினார். "சாவியைக் குடுங்க."

"நீங்களா?"

"லாரிக்காரர் மகதானே நான். கீழ ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வர்றேன். மாட்டைக் கறந்து விடச் சமையக்காரக்காகிட்ட சொல்லிட்டேன். நீங்க மடத்து மொபெட்டை எடுத்துக்கிட்டு வழி நெடுகப் பார்த்துக்கிட்டே வாங்க. ஒவ்வொரு வளைவுலயும் எறங்கிப் பாருங்க."

ஜீப் வெள்ளை வெளிச்சத்தோடு முன்னால் போய் மறைந்தது. சடையப்பனின் மொபெட் டுர்ர்ர் என்று முனகிக்கொண்டு பின்னால் இறங்கியது. அதன் விளக்கு காய்ச்சல்காரன் கண் மாதிரி இருந்தது. மழை மேகம் மலையை மூடியிருந்தது, கிழக்கு எது என்றே தெரியவில்லை.

முதல் வளைவில் இறங்கி எட்டிப் பார்த்தார். மஞ்சு.

"மாரப்பா!"

மலை அவர் குரலையே எடுத்து, கொஞ்சம் பரிகாசமாக, "...ரப்பா" என்றது.

இரண்டாவது வளைவிலும் மஞ்சு. "மாரப்பா! நான்தான், சடையப்பன்!" அந்தப் பெயரைச் சொல்லும்போது வாய் குழறியது. கீழே கிடக்கிறவன் கேட்க விரும்புகிற பெயரா அது? பழைய 'ஏதோ ஒன்று' திரும்பி வந்திருந்தது. முன்பெல்லாம் அது முன்னாலிருந்து வரும். இப்போது மொபெட்டின் பின் சீட்டிலேயே உட்கார்ந்து, அவர் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வந்தது.

இப்படியே பல வளைவுகளில் இறங்கி ஏறி, வழுக்குப்பாறை வளைவுக்கு முன்பே மொபெட்டை நிறுத்திவிட்டார். வாடை முதலில் வந்தது. புளித்த பால் வாடை. தடவித் தடவிப் போனார். பள்ளத்து ஓரம், புல் மடங்கிக் கிடந்த இடத்தில், என்னவோ மினுங்கியது. குனிந்து எடுத்தார்.

கேன் மூடி.

அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். புல் மடங்கியிருந்தது பள்ளத்தைப் பார்த்து. சமையற்காரக்காவுக்கு மடி கொடுக்கவில்லை போல, மேலே மாடு கத்துவது இன்னும் கேட்டது.

அப்போது கீழ்த் திருப்பத்திலிருந்து அது வந்தது.

வெளிச்சம் என்று அதைச் சொல்ல முடியாது. கண்ணுக்குள் யாரோ சுண்ணாம்பை அப்பியது போல இருந்தது. பாறை போயிற்று, சாலை போயிற்று, கையில் இருந்த மூடி போயிற்று. உலகமே ஒரு வெள்ளைச் சுவராகி அவர் மேல் ஏறி வந்தது. இடதா வலதா? மலை எந்தப் பக்கம்? ஒரு அடி பின்னால் வைத்தார். குதிகாலுக்கு அடியில் மண் இல்லை. ஒரு கல் நழுவியது. விழுகிற சத்தத்துக்குக் காத்திருந்தார். சத்தம் வரவே இல்லை.

"லைட்டைக் கொறைங்க! அய்யோ, கொறைங்க! ஆளு இருக்கேன்!"

வெள்ளைச் சுவருக்குக் காது இல்லை. சடையப்பன் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். ஒற்றைக் காலில், கையைத் தூக்கியபடி, தன் உயிர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் நின்றார்.

சட்டென்று வெளிச்சம் அணைந்தது.

இருட்டு நல்ல இருட்டாக இருந்தது. அதில் ஒரு எஞ்சின் மட்டும் தடதடத்தது. கேட்டுப் பழகிய தடதடப்பு.

"அப்படியே முன்னாடி வாங்க அண்ணே. ரெண்டு எட்டு. பின்னாடி வேண்டாம்."

அம்மாவின் குரல். சடையப்பன் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஜீப் அவர் நினைத்தது போலக் கிட்டே வந்திருக்கவே இல்லை. திருப்பத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அம்மா ஜீப்பின் உள்விளக்கைப் போட்டார். முன் சீட்டில் ஒரு ஆள், கால் முழுக்க வெள்ளைக் கட்டு.

"யாருங்க அது? சடையப்பண்ணனா?" என்றார் மாரப்பன். "அட, நம்ம கேன் மூடி! எங்கீங்க கெடைச்சுது? கேன் இருக்குதுங்களா?"

சடையப்பன் அவர் கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. உயிர் உள்ள சூடு. அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேன் பள்ளத்துக்குப் போயிருச்சு போல" என்று மாரப்பன் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். "போவட்டும். நேத்து ஒரு பாவி வந்தானுங்க, அண்ணா. சூரியனைப் புடிச்சு முன்னாடி கட்டிக்கிட்டு வந்தான். மூஞ்சியில அடிச்சதும் கண்ணு அவிஞ்சே போச்சு. கத்தறேன், கையை வெச்சு மறைக்கிறேன், அவன் பாட்டுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டுப் போறான்! மலை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம்னு தெரியலை. வர்றது வரட்டும்னு ஒரு பக்கமாச் சாஞ்சேன். மலைப்பக்கமாப் போச்சு. வாழைக்காய் லாரிக்காரங்க என்னையும் வண்டியையும் தூக்கிக்கிட்டுப் போனாங்க. இந்தப் பக்கம் சாஞ்சிருந்தேன்னா..."

மேலே மாடு கத்தியது. "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்" என்று அதற்குப் பதில் கொடுத்தார்.

"மாரப்பா" என்றார் சடையப்பன். தலையைத் தூக்கவில்லை. "அந்தப் பாவி நான்தான்."

எஞ்சின் ஒரு தடவை விக்கியது. மாரப்பன் வெளியே எட்டி அவரைப் பார்த்தார், அணைந்த ஹெட்லைட்டைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"நீங்க நல்லாப் பாடறதில்லீங்கண்ணா" என்றார் கடைசியில்.

சடையப்பன் எழுந்தார். சீட்டுக்கு அடியில் துழாவி, துணிச் சுருளை எடுத்தார். பழைய பல்பு இரண்டும் உடையாமல் இருந்தன. ஹெட்லைட் பக்கம் போனவர் பாதியில் நின்று திரும்பினார். அவருக்கு ஒன்று பொறுக்கவில்லை.

"அம்மா, நீங்க திருப்பம் திரும்பினதுமே என்னைப் பார்க்கலைங்களா?"

"பார்த்தனே. நல்லாத் தெரிஞ்சீங்க. உங்க சட்டையில ரெண்டாவது பொத்தான் இல்லை, அதுகூடத் தெரிஞ்சுது."

"கத்தினேனுங்களே."

"எஞ்சின் சத்தத்துல கேக்கலை."

"கையைத் தூக்கினேனே அம்மா. உசிரு போறாப்பல கையைத் தூக்கினேனே!"

"தூக்கினீங்க" என்றார் தில்லையம்மா. "எனக்கு சலாம் வெக்கிறீங்களாக்கும்னு நெனச்சேன், அண்ணே."