கிழங்கு உனக்கு, தலை எனக்கு

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்பும் இடத்தில், முள்ளம்மா என்ற முள்ளம்பன்றி தோட்டம் வைத்திருந்தாள். தோட்டம் என்றதும் வேலியையும் பாத்தியையும் தேடாதீர்கள். மேலே பலா, அதன் நிழலில் வாழை, வாழையடியில் மஞ்சள், மரத்துக்கு மரம் தொற்றி ஏறும் வள்ளிக்கொடி. பார்ப்பவர்களுக்கு அதுவும் காடுதான். எது எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பசிக்கு ஒரு வள்ளிக்கிழங்கைத் தோண்டினால், கொடி முளைக்கும் தலைப்பகுதியை முதலில் கடித்துத் தனியே வைப்பாள். கிழங்கைத் தின்று முடித்ததும், அந்தத் தலையை அதே குழியில் நட்டு மண்ணைத் தள்ளுவாள். அப்புறம் சருகுக் குவியலில் ஒருமுறை புரள்வாள். முள்ளுக்கு முள் இலை குத்தி நிற்கும். குழியின் மேல் வந்து உடம்பைச் சிலிர்ப்பாள். போர்வை தயார்!

"எடுத்துக்கிட்டேன். வெச்சுட்டேன். நல்லா இரு" என்று குழியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள்.

பலா மரத்து அணிலுக்குச் சிரிப்புத் தாங்காது.

"குழிகிட்ட என்ன பேச்சு முள்ளம்மா? அது பதில் சொல்லுமா?"

"சொல்லுமே. மழை வரட்டும், இலை விட்டுச் சொல்லும்" என்பாள் முள்ளம்மா.

மேட்டுச் சரிவில் உறுமன் என்ற காட்டுப்பன்றி இருந்தான். அங்கேயும் ஒரு காலத்தில் வள்ளி செழித்துக் கிடந்தது. உறுமன் தோண்டினான், தின்றான், அடுத்த இடத்துக்கு நகர்ந்தான். திரும்பிப் பார்க்கும் பழக்கமே அவனுக்குக் கிடையாது. அந்தக் கோடையில் ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது, புரட்டிப் போட்ட வெறும் மண்தான் கிடந்தது.

நேராக ஓடைக்கரைக்கு வந்தான்.

"முள்ளம்மா, உன் தோட்டம் ஜோரா இருக்கே!"

"மண்ணு குடுத்ததுண்ணே. பசியா வந்திருக்கீங்களா? ரெண்டு கிழங்கு தோண்டித் தரட்டுமா?"

"ரெண்டு எதுக்கு? தோட்டமே இனி என்னோடது. நீ வேணும்னா என் மேட்டை எடுத்துக்கோ."

முள்ளம்மாவின் முட்கள் விறைத்து நின்றன. ஆனால் அவள் வயிற்றில் குட்டிகள் இருந்தன. அந்தக் கோரைப்பல் ஒருமுறை பட்டால் போதும், எல்லாம் முடிந்தது. பயந்துதான் போனாள். முட்களை மெல்லத் தாழ்த்தினாள்.

"சரிண்ணே, போயிடறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். கிழங்கெல்லாம் உங்களுக்கு, தலையெல்லாம் எனக்கு. சம்மதமா?"

உறுமன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அந்த நார்க்கட்டையா? பல்லுல சிக்கும், கசக்கும், நாயும் சீண்டாது! தாராளமா எடுத்துக்கோ. நானே வீசறேன்!"

சொன்னபடியே செய்தான். ஒவ்வொரு கிழங்கையும் தோண்டித் தலையைக் கடித்து, "இந்தா உன் பங்கு!" என்று மேட்டுப் பக்கம் வீசினான். இவ்வளவு பெரிய ஏமாளியை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஏமாளி ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டாள்.

அணில் மேட்டுக்கு ஓடிவந்தது. "அழக்கூட மாட்டியா? இந்த மொட்டை மண்ணுல என்ன பண்ணப் போற?"

"மொட்டைதான். ஆனா எப்படிக் கிளறி வெச்சிருக்காரு பாரு! நான் ஒத்தையாத் தோண்டினா நகம் தேஞ்சிருக்கும். அதுக்காவது அவருக்கு நன்றி சொல்லணும்" என்றாள் முள்ளம்மா.

தலைகளை நட்டாள். ஓடைக்கரைக்கும் மேட்டுக்குமாக நடந்து, முள் நிறையச் சருகு சுமந்து வந்து மூடினாள். மழை பெய்தது. குட்டிகள் பிறந்தன. கிழங்கு விளையும்வரை வயிற்றைக் காயப்போட்ட நாட்கள் நிறையவே இருந்தன. ஓடைக்கரைக் கீரையும், உதிர்ந்த அத்திப்பழமும், அணில் தெரிந்தே நழுவவிட்ட பலாக்கொட்டையும்தான் அவர்களைக் காப்பாற்றின. ஒவ்வொன்றுக்கும் முள்ளம்மா நன்றி சொன்னாள். குட்டிகளும் வாயில் வைத்துக்கொண்டே நன்றி சொல்லிப் பழகின.

அடுத்த கோடையில் மேட்டில் கால் வைத்த இடமெல்லாம் கிழங்கு.

ஒருநாள் உறுமன் வந்தான். விலா எலும்பு தெரிந்தது. ஓடைக்கரையில் வள்ளியையும் வாழைக்கிழங்கையும் மஞ்சளையும் ஒட்டத் தின்று முடித்து, பல மாதம் ஆகியிருந்தது. குட்டிகள் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தன. முள்ளம்மாவும் பயத்தில் முட்களைச் சிலிர்த்தாள்.

ஆனால் உறுமன் உறுமவில்லை. நல்ல திட்டு விழும் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது. "வாங்கண்ணே" என்று சொல்லி ஒரு பெரிய கிழங்கைத் தோண்டி வைத்தாள்.

"எனக்கா? நான் உன்னை விரட்டினவனாச்சே!"

"நீங்க கிளறின மண்ணு. நீங்களே வீசின தலைங்க. உங்க பங்கு இல்லாமலா? சாப்பிடுங்க."

உறுமன் கண்ணில் நீர் முட்டியது. வாயைத் திறந்தவன், கடிக்கப் போகும்போது நிறுத்தினான்.

"முள்ளம்மா... அந்தத் தலையை எவ்வளவு ஆழத்துல வைக்கணும்?"

அவள் காட்டினாள். தின்று முடித்ததும் உறுமன் அந்தத் தலையைக் குழியில் வைத்து, மூக்கால் மண்ணைத் தள்ளினான். முள் இல்லாததால் வாய் நிறையச் சருகைக் கவ்விக்கொண்டு வந்து மூடினான். இரண்டு தும்மல் போட்டான். பிறகு, குட்டிகள் எட்டிப் பார்க்க, குழியைப் பார்த்துக் கூச்சத்தோடு சொன்னான்:

"எடுத்துக்கிட்டேன். வெச்சுட்டேன். நல்லா இரு."

நீதி: எடுத்ததில் ஒரு பங்கை நன்றியோடு மண்ணுக்கே திருப்பித் தருபவரை, மண் பட்டினி போடுவதில்லை.