தவிட்டி அடித்த சீழ்க்கை

அந்தக் காலத்தில், விலங்குகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டும் இருந்த காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு குளிர்நாட்டில் வுட்சக்குகள் கூட்டமாய் வாழ்ந்தன. வுட்சக் என்றால் அணில் சாதிதான்; ஆனால் பூனையளவு கொழுத்தது, மரத்தைவிட மண்ணை நம்புவது.

முப்பது பேருக்கும் ஒரே வளை, ஒரே வாசல். தோண்டிய மண்ணை வாசலிலேயே மேடாகக் குவிப்பார்கள். மேடு உயர உயரக் குடும்பத்துக்குக் கௌரவமாம். அதன்மேல் உட்கார்ந்து சீழ்க்கையடிக்கும் உரிமை தலைவர் பெரியகுண்டருக்கு மட்டும். வேறு யார் ஆபத்தைப் பார்த்தாலும் ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் பார்த்து, யோசித்து, பிறகு அடிப்பார். அதுவரை நரி காத்திருக்குமா என்று யாரும் கேட்டதில்லை.

தவிட்டி கேட்டாள். அவள் தங்கை பூளை அப்போதுதான் ஐந்து குட்டி ஈன்றிருந்தாள். ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை. வாசலை நரி அடைத்துக்கொண்டால் இவற்றை எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடுவது?

"மானமுள்ள வீட்டுக்கு ஒரு வாசல் போதும்," என்றார் பெரியகுண்டர்.

"அந்த மானத்தை நரி மதிக்குமா மாமா?"

வாயாடி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தவிட்டி யாருக்கும் தெரியாமல் உள்ளிருந்தே மேல்நோக்கித் தோண்டி, புதருக்குள் ஒரு பின்வாசல் திறந்தாள். வெளியே ஒரு பிடி மண்கூட விழவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளாகவே சுமந்து வந்து முன்மேட்டில் கொட்டினாள். மேடு வளர்வதைக் கண்ட பெரியகுண்டர், பெண் திருந்திவிட்டாள் என்று ஊரெல்லாம் மெச்சினார்.

ஒரு நாள் காலையில் தவிட்டி பின்வாசலில் தலை நீட்டினாள். மேட்டின் பின்னால் நரி பதுங்கி வந்துகொண்டிருந்தது. மேலே பெரியகுண்டர் கண்மூடி வெயில் காய்ந்தார். மற்றவர்கள் புல் மேய்ந்தார்கள். ஓடிப்போய் அவரிடம் சொல்ல அவளுக்குப் பத்துப் பாய்ச்சல் வேண்டும். நரிக்கு மூன்று போதும்.

தவிட்டி சீழ்க்கையடித்தாள்.

எல்லாரும் வளைக்குள் விழுந்தார்கள், பெரியகுண்டர் உருண்டே விழுந்தார். நரி வாசலைத் தோண்டத் தொடங்கியது. நகம் கீறும் சத்தம் நெருங்க நெருங்க, தவிட்டியும் பூளையும் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினார்கள், திரும்பினார்கள், மறுபடி ஓடினார்கள். மற்றவர்களும் அவ்வழியே வெளியேறினார்கள். தான் மட்டும் அதில் நுழைவதில்லை என்று நின்ற பெரியகுண்டர், நரியின் மூச்சு முதுகில் பட்டதும் நுழைந்தார்.

தூரத்துப் புதரில் எல்லாரும் உயிரோடு சேர்ந்தார்கள். மூச்சுக்கூட வாங்கி முடியவில்லை.

"யாரைக் கேட்டுச் சீழ்க்கையடித்தாய்?" என்றார் பெரியகுண்டர்.

"யாரையும் கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்."

"அப்படியானால் என் வளையில் உனக்கு இடமில்லை."

தவிட்டி சரிவின் மறுபக்கம் போய்த் தனியாகத் தோண்டினாள். மறுநாள் பூளை குட்டிகளோடு வந்து கொஞ்சம் தள்ளித் தோண்டினாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தவிட்டியின் பின்வாசலை வீம்பாக அடைத்துவிட்டுக் கடைசியில் தனியாளாகிப்போன பெரியகுண்டரும், யாரும் பார்க்காத நேரத்தில், உள்ளிருந்தே ஒரு பின்வாசல் தோண்டிக்கொண்டார்.

அன்று முதல்தான் வுட்சக்குகள் தனித்தனி வளையில், மண் சிந்தாத பின்வாசலோடு வாழ்கின்றன. ஆபத்தைக் கண்டால் எந்த வுட்சக்கும் யாரையும் கேட்பதில்லை. சீழ்க்கையடித்துவிட்டுத்தான் உள்ளே பாய்கிறது, பக்கத்து வளையோடு பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும்.